அண்ணன் இல்லாத உலகம்: ஒரு ஜப்பானியப் பாத்திர விளையாட்டின் ஆங்கில வடிவமும் எல்லைத் தமிழ் வாசகரும்

0. முன்னுரை

ஜப்பானில் உருவாகி உலகெங்கும் பரவிய புனைவு வடிவங்களுள் பாத்திரம் ஏற்று ஆடும் வீடியோ விளையாட்டும் ஒன்று. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, ஊர் ஊராகச் சென்று, எதிர்ப்படுவோருடன் உரையாடி, போர் புரிந்து கதையை நகர்த்துவது இதன் இயல்பு. இவ்வகை விளையாட்டுகளில் திரையில் தோன்றும் எழுத்துரையின் அளவு மிகப் பெரிது. ஆடுபவர் பல பத்து மணிநேரம் உரையாடல்களைப் படிக்க நேர்கிறது. ஆகவே இதனை ஒரு பொழுதுபோக்குக் கருவியாக மட்டுமன்றி, வாசிக்கப்படும் பனுவலாகவும் மொழிபெயர்ப்பியல் கருத வேண்டும்.

இத்தகைய விளையாட்டுகள் தமிழரிடம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன. அவ்வாறு வந்து சேரும்போது ஓர் ஏமாற்றம் நேர்கிறது. கதை புரிகிறது, போரும் புதிரும் சுவையளிக்கின்றன, ஆயினும் கதைமாந்தர் ஒருவருக்கொருவர் என்ன உறவினர், யார் யாருக்கு அடங்கியவர், யார் யாரை மதிக்கிறார், யார் யாரை எள்ளுகிறார் என்பன மங்கலாகவே நின்றுவிடுகின்றன. இம்மங்கலுக்கு ஆடுபவரின் ஆங்கிலப் பயிற்சிக் குறைவு மட்டுமே காரணமா, அன்றி இடைநின்ற மொழியின் அமைப்பும் காரணமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் எட்டாம் விளையாட்டு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் தமிழ் பேசுவோரின் இருமொழி நிலை உரைகல்லாக அமைகிறது.

1. விளையாட்டும் பேசாத நாயகனும்

டிராகன் குவெஸ்ட் வரிசையின் முதல் விளையாட்டு 1986ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. அதன் கதையாசிரியர் ஹோரி யூஜி. உருவங்களை வரைந்தவர் தோரியாமா அகிரா. இசையமைத்தவர் சுகியாமா கோயிச்சி. மூவரும் எட்டாம் விளையாட்டிலும் பங்கேற்றனர். எட்டாம் விளையாட்டு 2004ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானிலும், 2005ஆம் ஆண்டு நவம்பரில் வட அமெரிக்காவிலும் வெளியாயிற்று. 2014ஆம் ஆண்டு முதல் கைப்பேசிக்கான ஆங்கில வடிவமும் கிடைக்கலாயிற்று. விலையுயர்ந்த விளையாட்டுக் கருவி இல்லாத வீடுகளிலும் இதனை ஆட இயலும் நிலை அதனால் ஏற்பட்டது.

கதை எளியது. ஒரு கோமாளியின் சாபத்தால் ஓர் அரசு பாழாகிறது. அரசர் ட்ரோடே பச்சை நிற விகார உருவம் அடைகிறார். இளவரசி குதிரையாக மாறுகிறாள். சாபம் தீண்டாத ஒரே காவல் வீரனே நாயகன். அவனுடன் யாங்கஸ் என்னும் முன்னாள் கொள்ளைக்காரனும், தமையனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணும், ஒரு மடத்தின் காவல் வீரனும் சேர்ந்து அக்கோமாளியைத் தேடிச் செல்கின்றனர்.

இவ்வரிசை விளையாட்டுகளின் தனித்தன்மை, நாயகன் உரையாடுவதில்லை என்பதாகும். 'ஆம்', 'இல்லை' என விடையளிப்பதே அவனுக்கு வாய்த்த பேச்சு. நாயகனின் இடத்தில் ஆடுபவரே நிற்க வேண்டும் என்பதற்காக இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. இதன் மொழியியல் விளைவு பெரிது. நாவலில் ஒரு மாந்தரை அவர் பேசும் பேச்சாலும் பிறர் அவரைக் குறித்துப் பேசும் பேச்சாலும் அறிகிறோம். இங்கு முதல் வழி அடைபட்டுள்ளது. நாயகன் யார் என்பதை, மற்றவர்கள் அவனை எவ்வாறு விளிக்கிறார்கள் என்பதன் வழியாகவே பெரிதும் அறிய முடிகிறது. விளியும் முன்னிலைச் சொல்லும் இவ்விளையாட்டில் அணிகலன்கள் அல்ல. நாயகனின் உருவமே அவற்றால் வரையப்படுகிறது. எனவே விளிகள் மாறினால் ஆடுபவர் ஏற்கும் பாத்திரமும் மாறிவிடுகிறது.

2. 'அனிகி'யும் 'கவ்னர்' என்பதன் குறுக்கமும்

யாங்கஸ் நாயகனைவிட வயதில் மிக மூத்தவன். கதை தொடங்குவதற்கு முன் ஒரு தொங்குபாலத்தில் நாயகனை வழிமறித்துக் கொள்ளையிட முயன்றவன். பாலம் அறுந்தபோது நாயகனே அவனைக் காப்பாற்றினான். அன்று முதல் யாங்கஸ் அந்த இளைஞனை 'அனிகி' என்று அழைக்கிறான். 'அனிகி' என்பது மூத்த சகோதரனைக் குறிக்கும் உறவுச்சொல். தொழிற்குழுக்களிலும் அடியாட்கள் கூட்டங்களிலும் தமக்கு மேற்பட்டவரைப் பற்றுடன் அழைக்கவும் அது வழங்குகிறது. விளையாட்டு நெடுகிலும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும், யாங்கஸின் வாயிலிருந்து இவ்விளி மீண்டும் மீண்டும் வருகிறது.

ஆங்கில வடிவத்தில் யாங்கஸ் கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சைப் பேசுகிறான். 'அனிகி' இருந்த இடத்தில் 'கவ்னர்' என்பதன் குறுக்கமான 'கவ்' நிற்கிறது. இதன் பொருள் ஏறக்குறைய 'முதலாளி' அல்லது 'எஜமான்' என்பதாகும். பிரித்தானிய வாசகருக்கு இது மிகப் பொருத்தமான தேர்வு. அவருடைய சமூகத்தில் பேச்சின் ஏற்றத்தாழ்வு வகுப்பு அடிப்படையிலானது; கீழ் வகுப்பைச் சேர்ந்த ஒருவன் பற்றும் பணிவும் கலந்து விளிக்கும் சொல்லாக 'கவ்' அவர் காதில் இயல்பாக ஒலிக்கும். ஆங்கில வடிவத்தின் மொழிபெயர்ப்பும், ஜப்பானிய மூலத்தில் இல்லாது அதில் புதிதாகச் சேர்க்கப்பட்ட குரல் நடிப்பும் பாராட்டப்பட்டமைக்கு இத்தகைய தேர்வுகளே காரணம்.

ஆனால் அவ்வடிவத்தைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, லண்டன் வட்டாரப் பேச்சின் சமூகப் பொருள் அவருக்கு எட்டுவதில்லை. பள்ளிப் பாடநூல் வழி ஆங்கிலம் கற்றவருக்கு முதலெழுத்து விழுந்த சொற்களும் குறுக்கங்களும் புரியாத எழுத்துப் பிழைகளாகவே தோன்றும். இரண்டாவது இழப்பு முன்னதினும் பெரிது. உறவு என்பது ஊதியம் சார்ந்த தொடர்பாக மாறிவிடுகிறது. தன்னினும் இளையவனை உயிர் காத்த நன்றியால் 'அண்ணே' என்று ஒருவன் அழைப்பது தமிழருக்கு விளக்கம் வேண்டாத செய்தி. தமிழில் 'அண்ணன்' பிறப்பு வரிசையை மட்டும் குறிப்பதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட தலைமையையும் குறிக்கிறது. சி. என். அண்ணாதுரை வயது வேறுபாடின்றி அனைவருக்கும் 'அண்ணா' ஆனமை யாவரும் அறிந்ததே. ஜப்பானிய மொழியிலிருந்து நேராக வந்திருந்தால் ஒரே சொல்லில் கடத்தப்பட்டிருக்கக்கூடிய உறவு, ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் காணாமற் போயிற்று. அனிகிக்கும் அண்ணனுக்கும் இடையே சகோதர உறவைத் தலைமையாக விரிக்கும் வழக்கம் இல்லாத ஒரு மொழி நின்றதே இதற்குக் காரணம்.

முன்னிலைச் சொல்லிலும் இதே நிலை. 'முன்னால் செல்க' என்னும் ஒரே கருத்தைத் தமிழில் 'நீ முன்னால் போ', 'நீர் முன்னே செல்லும்', 'அண்ணே, நீங்க முன்னால போங்க', 'தாங்கள் முன்னே செல்லுங்கள்' எனப் பலவாறு கூறலாம். ஒவ்வொன்றிலும் பேசுபவர், கேட்பவர் ஆகியோரின் நிலை வேறு. ஜப்பானிய மொழியிலும் 'அனதா', 'கிமி', 'ஒமாயே', 'தெமே' முதலான முன்னிலைச் சொற்களும், 'வதாஷி', 'போகு', 'ஒரே', 'வஷி' முதலான தன்மைச் சொற்களும் இவ்வாறே படிநிலை காட்டுகின்றன. இக்கால ஆங்கிலத்தில் இவை அனைத்தும் ஒரே முன்னிலைச் சொல்லிலும் ஒரே தன்மைச் சொல்லிலும் அடங்கிவிடுகின்றன.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இக்குறையை உணராதவர்கள் அல்லர். இவ்வரிசையின் முதல் விளையாட்டு 1989இல் ஆங்கிலத்தில் வந்தபோது வழக்கொழிந்த பழைய முன்னிலை ஒருமை வடிவங்கள் மீட்டெடுக்கப்பட்டன. ஆனால் அரசரும் கடைக்காரரும் ஒரே பழந்தமிழ் போன்ற நடையில் பேசியதால் பழமைத் தோற்றம் கிடைத்ததே தவிர, மாந்தரிடையே வேறுபாடு கிடைக்கவில்லை. எட்டாம் விளையாட்டில் வட்டாரப் பேச்சுகளின் துணை நாடப்பட்டது. அது முன்னதினும் செம்மையான தீர்வு. எனினும் அது ஆங்கிலச் சமூகத்திற்கு உள்ளேயே செல்லுபடியாகும் தீர்வு.

3. பாத்திர மொழி

யாங்கஸின் ஜப்பானிய பேச்சு எந்த ஊரின் பேச்சு என்னும் வினா இங்கு எழும். தன்னைக் குறிக்க அவன் வழங்கும் 'அஷ்ஷி' என்னும் சொல் பழைய எதோ நகரத்து உழைப்பாளிகளின் வழக்கை நினைவூட்டுவது. வாக்கிய இறுதியில் அவன் சேர்க்கும் 'தெகசு' என்பதோ வடகிழக்கு ஜப்பானின் சில வட்டார வழக்குகளுக்கு அண்மையது. இரண்டும் ஒருசேர வழங்கும் ஊர் எதுவும் இல்லை. இஃது உண்மையான வட்டார வழக்கு அன்று. முரட்டுத்தனமும் வெகுளித்தன்மையும் கலந்த ஒரு மாந்தருக்காகப் புனைவு உலகம் தைத்து வைத்துள்ள ஆடை.

இத்தகைய பேச்சுக்கு ஜப்பானிய மொழியியலார் கின்சுயி சதோஷி 'யாகுவாரிகோ' எனப் பெயரிட்டார். 'பாத்திர மொழி' எனத் தமிழாக்கலாம். 2003ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் இக்கருத்தை விரிவாக நிறுவியது. ஒரு குறிப்பிட்ட சொல்லையும் ஈற்றையும் கேட்ட மாத்திரத்தில் வயது, பால், தொழில், குணம் ஆகியவற்றோடு கூடிய ஒரு மாந்தர் வகை மனத்தில் தோன்றுமாயின் அது பாத்திர மொழி எனப்படும். அரசர் ட்ரோடே தம்மை 'வஷி' என்று குறிப்பதும் 'ஜா' என்று வாக்கியத்தை முடிப்பதும் இதற்குத் தக்க சான்று. ஜப்பானில் உண்மை முதியோர் பலரும் அவ்வாறு பேசுவதில்லை. கதைகளில் வரும் முதியோர் பேசுவர். மேற்குப் பகுதிப் பேச்சைக் கைவிடாது வைத்திருந்த எதோ காலத்து மருத்துவர், அறிஞர் போன்றோரின் வழக்கிலிருந்து இது தோன்றி, நாடகம், கதை ஆகியவற்றின் வழியே நிலைபெற்றது எனக் கின்சுயி விளக்குவார்.

தமிழிலும் பாத்திர மொழி உண்டு. மேடை நாடகமும் திரைப்படமும் அதனை வளர்த்தன. அவ்வாறு வளர்ந்த பாத்திர மொழிகளுள் நன்கு அறியப்பட்ட ஒன்று பாலக்காட்டைச் சேர்ந்தது என்பதால், எல்லைப் பகுதியின் உண்மைப் பேச்சு நிலையை முதலில் காண்பது தேவையாகிறது.

4. எல்லைப் பகுதியின் பேச்சு நிலை

1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்ந்த சில பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. அதற்குமுன் கொச்சி அரசில் இருந்த சித்தூர் வட்டம் இன்று பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய பகுதிகள் 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது.

இப்பகுதித் தமிழ் ஒரே தன்மையது அன்று. பாலக்காட்டு அக்ரகாரங்களின் தமிழில் 'வாங்கோ', 'நீங்கோ' முதலான வடிவங்களோடு 'க்ஷீணம்' போன்ற மலையாள வழக்கிலுள்ள சொற்களும் கலந்து வரும். அங்கிருந்து சற்றே கிழக்கில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் உழவர் பேசும் தமிழ், கொங்குத் தமிழின் தொடர்ச்சி; 'ஏனுங்க' என்பது அங்கு இயல்பான தொடக்கம். இடுக்கியில் மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் தமிழ், மலையேறி வந்த தொழிலாளர் குடும்பங்களின் தென்தமிழக வழக்குகள் கலந்து உருவானது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய கணவாய்களின் வழியே தேனிப் பகுதியுடன் நாள்தோறும் போக்குவரத்து உண்டு. வட்டவடை, காந்தளூர் போன்ற மலையூர்களில் பழந்தமிழ்க் குடியிருப்புகள் உள்ளன.

இவர்களுள் பலருக்கும் மலையாளமும் அன்றாட மொழி. இருமொழி வழக்கு இங்கு ஒரு சிறப்பான திறனை அளிக்கிறது. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். மலையாள வினைமுற்று அவற்றைக் காட்டுவதில்லை. இதனால் மரியாதையைக் காட்டும் பணியை மலையாளத்தில் பெயர்ச்சொல்லும் விளியும் பெரிதும் மேற்கொள்கின்றன. முன்னிலையாரிடமே 'சேட்டன் எப்போள் வந்நு?' என உறவுச்சொல்லை எழுவாயாக வைத்து வினவுவது மலையாளத்தில் வெகு இயல்பு. முன்னிலைப் பெயரைத் தவிர்த்து உறவுப்பெயரை அதன் இடத்தில் நிறுத்தும் இவ்வமைப்பு ஜப்பானிய மொழியின் வழக்கத்தோடு மிக நெருங்கியது. அம்மொழியிலும் வினைமுற்று இடம் காட்டாது. முன்னிலையாரை 'அண்ணன்', 'ஆசிரியர்' என்றோ பெயர் சொல்லியோ குறிப்பதே பண்பு.

ஆகவே எல்லைப் பகுதியின் இருமொழியாளர் இரு கருவிகளைக் கையாள்கிறார். தமிழில் பேசும்போது 'அண்ணன் எப்ப வந்தீங்க?' என விகுதியில் மரியாதையை வைக்கிறார். மலையாளத்தில் பேசும்போது அதனைப் பெயரில் வைக்கிறார். எவரிடம் எதனை வழங்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். பாலக்காட்டுப் பக்கம் 'ஏட்டன்' மிகுதி; இடுக்கியில் 'சேட்டன்'. தமிழரிடம் 'அண்ணன்'. 'அண்ணாச்சி' என்னும் சொல் தமிழகத்தின் தென்பகுதியில் மதிப்புக்குரிய விளி. அதே சொல் கேரளத்தில் தமிழரைக் குறிக்கும் பொதுப்பெயராக, சற்றே இளக்காரத்துடனும் வழங்குவதுண்டு. மலையின் இருபுறத்திலும் ஓர் உறவுச்சொல் எவ்வாறு மாறுபொருள் கொள்கிறது என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர்.

இத்தகைய நுண்ணுணர்வு உடையவர் ட்ரோடே, யாங்கஸ் ஆகியோரின் ஜப்பானிய உரையாடலைத் தம் மொழியில் பெற்றிருந்தால் விளையாட்டின் பாதிச் சுவையை விளிகளிலிருந்தே பெற்றிருப்பார். முன்னாள் கொள்ளைக்காரன் இளைஞனை அண்ணன் என்பதும், அதே வாயால் அரசரை 'ஒஸ்ஸான்', அதாவது 'கிழவா' எனத்தக்க சொல்லால் குறிப்பதும் அவருக்கு உடனே நகை விளைவிக்கும். வீரனின் உரிமையும் மன்னனின் தாழ்வும் அவ்விரு விளிகளுக்கு இடையில் உள்ளன. ஆங்கில வடிவத்தில் அவர் பெறுவது, தமக்கு அயலான ஒரு தீவின் வகுப்பு வேறுபாடு. ஏமாற்றத்தின் மூலம் இதுவே. தமக்கு மிகவும் தெரிந்த ஒன்று தெரியாத வேடத்தில் வந்து நிற்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் பிறப்புறவு உண்டு என ஓனோ சுசுமு முன்வைத்த கருத்தை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இக்கட்டுரையின் வாதத்திற்கு அக்கருத்து தேவையுமில்லை. வினை இறுதியில் அமைதல், ஒட்டுநிலை, சமூகப் படிநிலையை இலக்கணத்தில் காட்டுதல் ஆகிய வகைமை ஒற்றுமைகளே போதும்.

5. எத்தமிழில் பெயர்ப்பது?

நேரடி மொழிபெயர்ப்பே தீர்வு எனின், யாங்கஸ் எத்தமிழில் பேச வேண்டும் என்னும் வினா அடுத்து எழுகிறது. ஆங்கில வடிவத்தைப் பின்பற்றி ஒரு வட்டார வழக்கை அவனுக்கு அளிப்பதே முதலில் தோன்றும் விடை. இதன் விளைவை அறியப் பாலக்காடே சான்றளிக்கிறது.

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி 1990இல் வெளிவந்த 'மைக்கேல் மதன காமராஜன்' திரைப்படத்தில் காமேஸ்வரன் என்னும் சமையற்காரரும், அவருடைய வளர்ப்புத் தந்தை பாலக்காட்டு மணி ஐயரும் பேசும் தமிழ் தமிழ்நாடெங்கும் இரசிக்கப்பட்டது. கிரேசி மோகனின் உரையாடல்களும், கமல்ஹாசன், டெல்லி கணேஷ் ஆகியோரின் நடிப்பும் அதனை மறக்க இயலாததாக்கின. கலை என்னும் அளவில் அது நுட்பமான படைப்பு. ஆனால் பாத்திர மொழி என்னும் அளவில் அதன் விளைவு வேறு. 'பாலக்காட்டுத் தமிழ்' என்றதும் கேட்பவர் மனத்தில் ஒரு வெகுளியான சமையற்காரர் தோன்றலானார். ஒரு சமூகத்தின் பேச்சு ஒரு மாவட்டத்தின் பேச்சாகவும், அம்மாவட்டத்தின் பேச்சு ஒரு தொழிலின் பேச்சாகவும் சுருங்கிற்று. சித்தூர் வட்டத்து உழவரின் கொங்குத் தமிழும் பாலக்காட்டுத் தமிழே என்பது பலரும் அறியாத செய்தியாயிற்று.

யாங்கஸுக்கு இடுக்கித் தோட்டத் தமிழை ஒரு மொழிபெயர்ப்பாளர் அளித்தால் என்ன நிகழும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம். முன்னாள் திருடன், முரடன், அறிவில் குறைந்தவன் ஆகிய பண்புகள் உயிருள்ள ஒரு மக்கட் குழுவின் பேச்சோடு பிணைக்கப்படும். அக்குழுவோ தன் பேச்சைத் தலைநிமிர்ந்து வழங்குவது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரால் அறியப்பட்டது. 'பெம்பிளை' பேச்சு வடிவம். 'ஒருமை' தமிழ், மலையாளம் இரண்டிலும் உள்ள சொல். ஏட்டு வடிவத்தை நாடாமல் எல்லைப் பேச்சிலேயே அமைந்த அப்பெயர் நாடு முழுவதும் அறியப்பட்டது. அத்தகைய பேச்சை நகைச்சுவைக்கு உரிய ஆடையாக்குவது மொழிபெயர்ப்பு நெறியன்று.

எல்லா வேறுபாடுகளையும் களைந்து ஒரே பொதுத்தமிழில் பெயர்ப்பது இதற்கு மாற்று ஆகுமா? அதிலும் இடர் உண்டு. 'போக்கிமான்' விளையாட்டுகள் சீன மொழியில் ஒரே பொது வடிவத்தில் வெளிவரும் என 2016இல் அறிவிக்கப்பட்டபோது, அதுவரை ஹாங்காங்கில் வழங்கிய பிகாச்சுவின் பெயர் கைவிடப்பட்டது. புதிய பெயரின் எழுத்துகளைப் பொதுச்சீனத்தில் படித்தால் 'பிகாச்சு' என்பதற்கு அண்மையில் ஒலிக்கும்; கன்டனீய மொழியில் படித்தால் அவ்வொலிப்பு மாறிவிடும். அதனை எதிர்த்து அவ்வாண்டு மே மாதத்தில் ஹாங்காங்கில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தை நோக்கி மக்கள் ஊர்வலம் சென்றனர். விளையாட்டுப் பெயர் ஒன்றிலும் தம் பேச்சின் இருப்பை மக்கள் காண்கின்றனர் என்பதற்கு இது சான்று.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. யாங்கஸின் பேச்சு எந்த ஊரினதும் அன்று என்பது மூலத்தின் பண்பு. அப்பண்பைத் தமிழிலும் காக்கலாம். ஓர் ஊரை அடையாளம் காட்டும் ஒலித்திரிபுகளையும் சொற்களையும் விலக்கி, உறவையும் படிநிலையையும் காட்டும் இலக்கணக் கூறுகளை மட்டும் கொள்வதே அவ்வழி. 'அண்ணே' என்னும் விளி, 'ங்க' என்னும் மரியாதை ஈறு, அரசரிடம் மட்டும் அவ்வீறு விடுபடுதல், அரசர் தம்மை 'நாம்' எனக் குறித்தல், 'நீர்' என விளித்தல் ஆகியன தமிழ் பேசும் எல்லாப் பகுதியினர்க்கும் விளங்குவன. எப்பகுதியினரையும் இழிவு செய்யாதன. ஒலி வழியாக அன்றி விளி வழியாகப் பாத்திர மொழியை அமைத்தல் என இதனைக் கூறலாம். மொழி மாறினால் மாந்தரே மாறுவர் என்பதை இப்பகுதிக் கலைஞர்களும் அறிவர். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'நண்பகல் நேரத்து மயக்கம்' திரைப்படத்தில், உறங்கி எழும் மலையாளியான ஜேம்ஸ், தமிழ் பேசும் சுந்தரமாகத் தமிழகச் சிற்றூர் ஒன்றில் நடமாடுகிறார். ஊர் அவரை ஏற்பதும் மறுப்பதும் பெருமளவு மொழியாலேயே நிகழ்கின்றன.

6. ஒரு மறுப்பு

நேரடி மொழிபெயர்ப்பு எல்லா இழப்புகளையும் நீக்கிவிடும் எனக் கருதுவதும் பொருந்தாது. 2001இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி' பத்தாம் விளையாட்டின் இறுதிக் காட்சியில், பிரிந்து மறையும் காதலனை நோக்கி யூனா ஜப்பானிய மொழியில் 'அரிகாதோ' என்கிறாள். அகராதிப் பொருளில் இது 'நன்றி'. ஆங்கில வடிவத்தில் அவ்விடத்தில் காதலைத் தெரிவிக்கும் வெளிப்படையான வாக்கியம் உள்ளது. இம்மாற்றம் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என் செய்வார்? 'நன்றி' எனப் பெயர்த்தால் சொல் சரி. ஆனால் உணர்ச்சி தவறும். தமிழில் நெருங்கியவர்களிடையே நன்றி கூறும் வழக்கம் குறைவு. கூறினால் அது விலக்கமாகவே ஒலிக்கும். காதலை வெளிப்படையாகக் கூறும் ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கினால் மூலத்தின் அடக்கம் கெடும். விளி அமைப்பில் ஜப்பானிய மொழியும் தமிழும் நெருங்கி நின்றாலும், பேச்சுச் செயல்களின் பயன்பாட்டில் அவை விலகி நிற்கின்றன. ஆகவே ஆங்கிலத்தை நீக்குவதால் மட்டும் நல்ல மொழிபெயர்ப்பு உருவாகிவிடாது. நீக்கினால்தான் இத்தகைய உண்மையான சிக்கல்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கண்ணில் படும். ஆங்கில வடிவத்தைக் கையில் வைத்துப் பெயர்ப்பவர்க்கு யூனா நன்றி கூறினாள் என்பதே தெரியாது. தேர்வு செய்யும் உரிமையை அவர் தொடங்குமுன்பே இழந்துவிடுகிறார்.

7. முடிவுரை

ஜப்பானியப் புனைவுகள் இந்திய மொழிகளை நோக்கி வரத் தொடங்கியுள்ளன. 'போக்கிமான் கோ' விளையாட்டு 2023இல் இந்தியில் கிடைக்கலாயிற்று. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' தொடரின் புதிய திரைப்படம் தமிழிலும் குரல் மாற்றம் பெற்றுத் திரையரங்குகளுக்கு வந்தது. பெரிய பாத்திர விளையாட்டுகள் தமிழில் வரும் நாள் தொலைவில் இல்லாதிருக்கலாம். அந்நாளில் அவை எவ்வழியாக வரும் என்பதே இன்று சிந்திக்க வேண்டியது. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டால் பணி எளிதாகும், செலவும் குறையும். ஆனால் ஒருமுறை 'கவ்' ஆகிவிட்ட 'அனிகி', பின்னர்த் தமிழில் 'முதலாளி' ஆகுமேயன்றி 'அண்ணே' ஆகாது. இடைமொழியில் நேர்ந்த இழப்பு இலக்குமொழியில் தானாக ஈடுசெய்யப்படுவதில்லை. தமிழிலும் அது நிலைத்துவிடும்.

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். ஒன்று, நாயகன் பேசாத பாத்திர விளையாட்டில் விளி என்பது கதையமைப்பின் உறுப்பு. அதனை நடையழகாகக் கருதி மாற்றுதல் கூடாது. இரண்டு, சமூகப் படிநிலையை இலக்கணத்தில் காட்டும் இரு மொழிகளுக்கு இடையே அதனைக் காட்டாத மொழியை இடைநிறுத்துவது தவிர்க்கத்தக்கது; இயலாவிடின் மூலத்தின் விளிகளைப் பட்டியலிட்டு மொழிபெயர்ப்பாளர்க்கு அளிப்பதேனும் வேண்டும். மூன்று, தமிழில் பாத்திர மொழியை அமைக்கும்போது உயிருள்ள வட்டார வழக்குகளைக் குணத்தின் குறியீடாக்காமல், விளி, ஈறு ஆகியவற்றின் படிநிலையைப் பயன்கொள்ள வேண்டும்.

இப்பணிக்குத் தேவையான திறன் எல்லை ஊர்களில் உள்ளது. ஒரே நாளில் ஒருவரை 'ஏட்டன்' என்றும் மற்றொருவரை 'அண்ணன்' என்றும் அழைத்து, இரண்டும் ஒன்றல்ல என்பதை உணர்ந்து வாழ்பவர்கள் கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் உள்ளனர். அவர்கள் இதுவரை இவ்விளையாட்டுகளின் ஆங்கில வடிவத்தை அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் வாசகர்களாகவே கருதப்பட்டு வந்தனர். ஜப்பானிய மொழி கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படுமாயின் அவர்களுள் சிலர் இவ்விளையாட்டுகளின் மொழிபெயர்ப்பாளர்களாகவும் ஆகக்கூடும்.